மில்பெண்டின் மேயர்

கல்யாணம் கட்டி நான் ஜெர்மனியில் ஹம் நகருக்கு வந்த முதல் கிழமையிலேயே எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கிவிட்டது. என் கணவர் மேல் வீட்டு அண்ணையைக் கூட்டி வந்தார். இருவருக்கும் ஒரே கம்பித் தொழிற்சாலையில் வேலை. அண்ணை கழுவுதொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலை செய்ய, நான் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் நிற்பது மரியாதையில்லை என்று, எங்கள் ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

“அண்ணை எந்த ஊர்?”

“மில்பெண்ட்,” என்றார்.

யாழ்ப்பாணத்தில் அப்படி ஓர் ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. தீவுப் பக்கமோ என்று கேட்டேன். அண்ணை தலையை வெளியே நீட்டினார். மூக்கில் கறுப்பு அழுக்கு.

“தீவு இல்லை, தங்கச்சி. ஆனால் மூண்டு பக்கமும் ஆறு வளைஞ்சு போகுது. நாலாவது பக்கம் மலை. அமெரிக்காவில, பென்சில்வேனியாவில இருக்கு. ஒரு சதுர மைல் கூட வராது. அந்தளவு ஊரை அங்கை பரோ எண்டு சொல்லுவினம்.”

அவரைத் தேடிக்கொண்டு இறங்கி வந்த அவருடைய மனைவி, அக்கா, வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, மழை பெய்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்: “பிறந்தது ஊர்காவற்றுறை, பிள்ளை. அந்த அமெரிக்க ஊரை இவர் கண்ணாலயும் கண்டதில்லை.”

அண்ணை மறுக்கவில்லை. மறுபடியும் தொட்டிக்குக் கீழே போய்விட்டார்.

ஹம்மில் இருந்த எங்கள் சனம் அவரை மேயர் என்றுதான் கூப்பிட்டது. கோவில் திருவிழாவில் அன்னதானப் பந்தியில் நின்றால், “மேயர், மில்பெண்டில மழையோ வெயிலோ?” என்று யாராவது கேட்பார்கள். கேலி என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டவருக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டுத்தான் சாம்பாரை ஊற்றுவார்.

அந்த ஊர் அவருக்கு எப்படி வந்தது என்ற கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். எண்பதுகளில், ஊரில் சண்டை தொடங்கி, பெடியன்கள் கையில் கிடைத்ததை விற்றுவிட்டு வெளிக்கிட்ட காலம். அண்ணையை அமெரிக்காவுக்கு அனுப்புவதாக ஏற்றுக்கொண்ட ஏஜென்சிக்காரன் அவரை பாங்கொக்கில் ஓர் அறையில் கொண்டுபோய் வைத்தான். அமெரிக்காவில் குடியேறிவிட்ட யாரோ ஒரு தமிழருடைய கடவுச்சீட்டு அவனிடம் இருந்தது. அதில் அண்ணையின் படத்தைக்கூட மாற்றி ஒட்டவில்லை. முகம் ஓரளவு ஒத்துப்போகிறது, காணும் என்றுவிட்டான். கடவுச்சீட்டுக்காரருடைய விலாசம் மில்பெண்ட். விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள், அந்த ஊர்க்காரன் மாதிரிப் பதில் சொல்ல வேணும் என்று எங்கேயோ ஒரு புத்தகத்திலிருந்து பிரதி எடுத்த நாலைந்து பக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் மாதக்கணக்கில் வரவில்லை.

அறையில் வாசிப்பதற்கு வேறு எதுவும் இல்லை. வெளியே இறங்கினால் பொலிஸ். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பெடியன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, தான் பார்த்திராத ஊரைப் பாடமாக்கினான். ஆறு எந்தத் திசையில் வந்து எந்தத் திசையில் திரும்புகிறது. முதலில் வந்து குடியேறியவர்கள் நிலம் உழ வந்த, ஜெர்மன் பேசிய கமக்காரர். ஆற்று வளைவில் ஒரு மர ஆலை கட்டினார்கள், அதனால்தான் மில்பெண்ட். பிறகு வாய்க்கால் வெட்டினார்கள், பிறகு ரயில் வந்தது. ஆலை ஒரு நாள் தீப்பிடித்து எரிந்தது. அதோடு தெருவே எரிந்தது. அதற்குப் பிறகு ஊரைச் செங்கல்லால் கட்டினார்கள். காலுறை பின்னும் தொழிற்சாலை ஒன்று. சனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம்.

அந்தத் தீயை அண்ணை சொல்லும் விதமே தனி. ஆலைக்காரனின் மனைவி மாவு பிசைந்த கையோடு ஓடி வருவாள். சனம் வரிசையாக நின்று ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றும். அந்த மாவும் வாளியும் புத்தகத்தில் இருந்தனவா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் ஏஜென்சிக்காரன் வந்து விமானம் ஏற்றிவிட்டான்; பிராங்பேர்ட்டில் விமானம் மாற அண்ணை இறங்கினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி படத்தைப் பார்த்தான், அண்ணையின் காதைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். இது நீ இல்லை என்று சொல்லி, கையைக் காட்டி வேறு இருவரைக் கூப்பிட்டான். அவ்வளவுதான். அகதி விண்ணப்பம், முகாம், ஹம், கம்பித் தொழிற்சாலை, கல்யாணம், மகள் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

பிடிபட்டதைப் பற்றி அண்ணைக்குக் குறை இல்லை. அவருடைய மனத்தாங்கல் வேறு.

“ஒரு கேள்வி, தங்கச்சி. ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம். அவ்வளவையும் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

இதெல்லாம் ஒரு விசர்க்கதை, பைத்தியம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வந்த அடுத்த வருடம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு டெர்மின், சந்திப்பு நேரம், இருந்தது. கணவருக்குப் பகல் வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. எனக்கு மொழி வராது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று காரணமில்லாமல் ஒரு பயம். அண்ணை தன் வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். அந்த நீளக் கூடத்தில் இலக்கத் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நான் அதை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்ததை அவர் கண்டிருக்க வேண்டும். மில்பெண்டில் ஆற்றைக் கடக்க இருந்த மரப்பாலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாலத்துக்கு ஏன் கூரை போட்டார்கள், கூரை இல்லாவிட்டால் பனியில் பலகை எப்படி உக்கிப்போகும், குதிரைகள் தண்ணீரைக் கண்டு மிரளாமல் இருக்க ஏன் பக்கத்துப் பலகையை உயர்த்தி அடித்தார்கள் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். என்னுடைய இலக்கம் வந்தபோது நாங்கள் பாலத்தின் நடுவில் நின்றோம். உள்ளே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். விட்ட இடத்திலிருந்து பாலத்தைத் தாண்டி முடித்தார்.

அன்று பின்னேரம் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர். ஆட்களைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே நோகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்.

“பயம் வந்தா அவருக்கு அந்த ஊர் வரும், பிள்ளை,” என்றார். “மகள் பிறக்கேக்குள்ள என்ர தலைமாட்டில நிண்டு காலுறை ஃபக்டரியைப் பற்றிச் சொன்னவர். நான் கத்துறன், இவர் எத்தினை மெஷின் எண்டு சொல்லுறார். மருத்துவிச்சி ஜெபம் பண்ணுறாராக்கும் எண்டு நினைச்சிட்டா.”

அதற்குப் பிறகு நான் மேயர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

இணையம் வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்கு அந்த ஊர் உயிரோடு கிடைத்தது. அதுவரை அது பாங்கொக் அறையில் நின்றுபோன ஊர். இப்போது பரோவின் பக்கத்தைத் திறந்தால் குப்பை எடுக்கும் நாள் மாறியது தெரிந்தது. தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் காலைச் சாப்பாடு எப்போது என்பது தெரிந்தது. வேலை முடிந்து வந்து, குளித்து, பிளேன்ரீக் கோப்பையோடு உட்கார்ந்து வாசிப்பார். காலுறைத் தொழிற்சாலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது என்பதை அப்போதுதான் அறிந்தார். இரண்டு நாள் முகம் வாடியிருந்தது. பத்து வருடத்துக்கு ஒரு முறை அங்கே குடித்தொகை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் தொகை இறங்கியது. ஒரு முறை படிக்கட்டில் என்னை மறித்து, இரண்டாயிரத்துக்கும் கீழே போய்விட்டது என்றார். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி இருந்தது அவருடைய குரல்.

“எங்க போகினம் எண்டுதான் விளங்கேல்லை. நல்ல இடமெல்லோ.”

ஊரைவிட்டு ஏன் போகிறார்கள் என்று விளங்கவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, பின்னால் படியேறி வந்த அக்கா கையிலிருந்த உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணையின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் மூன்று விமானச் சீட்டுகள் எடுத்தாள். அவள் பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். ஒற்றைப் பிள்ளை, பிடிவாதம் அம்மாவைப் போல. அண்ணை சந்தோஷப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவரோ சாட்டுச் சொல்லத் தொடங்கினார். இடுப்பு நோகிறது என்றார். தொழிற்சாலையில் ஆள் குறைவு என்றார். அங்கே இப்போது பனி என்றார். அது ஜூன் மாதம். கடைசியில் மகளிடம் கோபித்துக்கொண்டு, கேட்காமல் எதற்கு எடுத்தாய் என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

காரணத்தை அக்கா எனக்குச் சொன்னார். திரும்பவும் ஒரு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று கடவுச்சீட்டை நீட்ட அவருக்கு ஏலாது. ஜெர்மன் குடியுரிமை கிடைத்து எவ்வளவோ காலம். சொந்தப் பெயர், சொந்தப் படம். ஆனாலும் ஊர்காவற்றுறையில் தாய் செத்ததற்குக்கூட அவர் விமானம் ஏறவில்லை. பொய்க் கடவுச்சீட்டோடு பிடிபட்டவன் என்று எங்கோ ஒரு கணினியில் கிடக்கும் என்று நினைத்தார்.

போனார்கள். எப்படிச் சம்மதித்தார் என்று அக்காவிடம் கேட்டேன். “நான் சம்மதிக்கச் சொல்லிக் கேக்கேல்லை. பெட்டியை அடுக்கினனான்,” என்றார்.

பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிலடெல்பியாவில் வரிசையில் நின்றபோது அண்ணையின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் இளம்பெண். கடவுச்சீட்டை வாங்கி, எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மில்பெண்ட் என்றார். அவளுக்கு அப்படி ஓர் இடம் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு, அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த கேள்வி. அண்ணை வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. ஆறும் வரவில்லை, மலையும் வரவில்லை. அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மகள் முன்னால் வந்து, அப்பாவுக்குப் பிறந்தநாள், ஊர் பார்க்கப் போகிறோம் என்றாள். அந்தப் பெண் வாழ்த்துச் சொல்லி முத்திரை குத்தினாள்.

கார் எடுத்துக்கொண்டு போனார்கள். மலைச்சரிவில் இறங்க, அந்த ஆற்று வளைவு தெரிந்தது. ஊர் முழுவதையும் நடந்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. செங்கல் வீடுகள் இருந்தன. பாதி வீடுகளில் ஆளில்லை, திரைச்சீலையும் இல்லை. காலுறைத் தொழிற்சாலையில் ஆட்கள் பழைய தளபாடங்களைப் பூட்டி வைக்கும் அறைகள். மரப்பாலம் இருந்த இடத்தில் கொங்கிறீட். தெருவில் மனிதரே இல்லை. ஒரு வீட்டுக்கு முன்னால் அண்ணை கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டார். அது அந்தக் கடவுச்சீட்டில் இருந்த விலாசம். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மகள் மன்னிப்புக் கேட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அன்று இரவு தங்கிய விடுதியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அண்ணை சொன்னார்: “நாளைக்கே போவம். என்னை இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது.”

அக்காவுக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை. முப்பது வருடமாகத் தான் பகிடி பண்ணிய ஊருக்காகத் தனக்கு அழுகை வரும் என்று நினைத்திருக்கவில்லை என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. பழைய ரயில் நிலையத்தில் ஊர்ப் பழம்பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் திறப்பார்கள். காசு கொடுத்து வந்ததற்கு அதையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று மகள் இழுத்துப் போனாள். உள்ளே ஒரு கிழவர் இருந்தார். முன்பு அந்த ஊர்ப் பாடசாலை பஸ் ஓட்டியவராம். ஆட்களைக் கண்டு எத்தனை நாளோ, எழும்பி வந்து அவராகவே ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி வந்தார். ஆலையின் படத்துக்கு முன்னால் வந்ததும் கிழவர், இந்த ஆலையைப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்.

“நோ,” என்றார் அண்ணை.

இரண்டு நாளில் அவர் பேசிய முதல் ஆங்கிலச் சொல். கிழவர் திரும்பிப் பார்த்தார். வெள்ளம் இல்லை, தீ என்றார் அண்ணை. கிழவர் இல்லை என்றார். ஆலை எரிந்தது, அதனால்தான் செங்கல்லில் கட்டினீர்கள் என்றார் அண்ணை. செங்கல்லில் கட்டியது களிமண் மலிவாகக் கிடைத்ததால் என்றார் கிழவர். அண்ணை புத்தகத்தில் இருக்கிறது என்றார். எந்தப் புத்தகம் என்று கேட்டு, அண்ணை சொன்ன இரண்டு வரியிலேயே கிழவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். அதை எழுதினவன் ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊர்க்காரன், அவனுக்கு எங்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று கத்தினார். அண்ணையும் விடவில்லை. ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்து, கையால் தீயைக் காட்டி, வாளிகளைக் காட்டி, ஆலைக்காரன் மனைவியையும் கொண்டுவந்து நிறுத்தினார். கிழவர் கோபத்தில் போய் ஒரு பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆற்றின் நடுவில் ஆலையின் கூரை மிதந்து போகிறது. தீயின் அடையாளமே இல்லை.

அண்ணை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அக்கா பயந்துபோனாராம்.

“பிழையாப் பாடமாக்கியிருக்கிறன்,” என்று மகளிடம் தமிழில் சொன்னார். “அண்டைக்கு பிராங்பேர்ட்டில கேள்வி கேட்டிருந்தாலும் நான் பிழைதான் விட்டிருப்பன்.”

அப்பா ஏன் சிரிக்கிறார் என்று மகள் கிழவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுக் கதை முழுவதையும் சொன்னாள். கிழவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தத் தமிழரைத் தனக்குத் தெரியும் என்றார். காலுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்க வந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் தன் பஸ்ஸில் வந்தவர்கள். ஒரு குளிர்காலத்தைத் தாங்கிவிட்டு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். அவர் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை, நீ முப்பது வருடம் இருந்திருக்கிறாய் என்று சொல்லி, அண்ணையின் தோளில் தட்டினார். விமானம் வரைக்கும் இருந்த நாலு நாளும் அண்ணை அந்த ரயில் நிலையத்தில்தான் இருந்தார். கிழவர் சனிக்கிழமை அல்லாத நாட்களிலும் திறந்தார்.

வந்த பிறகு கோவிலில் யாரோ வழக்கம்போல, “மேயர், ஊர் எப்பிடி?” என்று கேட்டார்கள். ஆலை எரியவில்லை என்று அண்ணை எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னார். தான் சொன்னது பிழை என்று சொல்வதில் ஒரு மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு வுப்பர்டால் நகரில் வீடு கிடைத்து ஹம்மை விட்டு வந்துவிட்டோம். போன இளவேனிலில் ஒரு கல்யாண வீட்டுக்காக அங்கே போனபோது, நேரம் இருந்ததால் லிப்பே ஆற்றங்கரையில் நடந்தேன். பாலத்தில் அண்ணை நின்றார். இளைத்திருந்தார், தலை முழுக்க வெள்ளை. கைபேசியைப் பாலத்தின் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு யாருக்கோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குச் சுகமில்லை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அதை எப்படி விசாரிப்பது என்று யோசித்துக்கொண்டே கிட்டப் போனேன்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அக்கா வைத்தியசாலையில் இருக்கிறாவாம், இன்று சத்திரசிகிச்சை, கூப்பிடும்வரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். கைபேசித் திரையில் இருந்தவர் மில்பெண்டின் அந்த ரயில் நிலையக் கிழவர்; அண்ணையின் பயத்தை அவரும் கண்டிருக்க வேண்டும். கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த ஆறு எங்கே தொடங்குகிறது, எந்த ஆற்றில் விழுகிறது, வெள்ளம் வந்தால் எதுவரை ஏறும், இந்த ஊரில் எத்தனை பேர். அண்ணைக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் இருந்த ஊர். தெரியாததை என்னிடம் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. தண்ணீர் மேற்கே போகிறதென்று மட்டும் சொன்னேன். அண்ணை அதைக் கிழவருக்கு மொழிபெயர்த்தார். அங்கிருந்து இன்னொரு கேள்வி வந்தது.

அண்ணை கைபேசியோடு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ. அந்தாளுக்கு ஆறு தெரியேல்லையாம்.”